துஷாந்துக்குப் படைத்தது

சந்திரவதனா முதல் நாளே என்னை "நீர்" என்று கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் திருச்சிப் பக்கத்தில் அப்படிப் பேசுகிறவர் மேடையில் ராஜா வேஷம் கட்டியவர் மட்டும்தான். கனடாவின் மிசிசாகாவில், விமான நிலையத்தை ஒட்டி, பறக்கிறவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சமையல்கூடத்தில், தலையில் வலையும் கையில் உறையும் மாட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "நீர் இந்தியாவோ?" என்றாள். "ஆமாம், நீர் எந்த நாட்டு ராணி?" என்று நானும் கேட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாழ்ப்பாணத்தில் அது சிநேகிதிகளுக்குள் வழங்குகிற மரியாதை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் எங்களுக்கு ஒட்டிப்போய்விட்டது.

ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காகத் தட்டு அடுக்கினோம். நான் ரொட்டி, அவள் வெண்ணெய். கைக்குழந்தையோடு கனடாவுக்கு வந்தவள். புருஷன் ஊரில் குண்டு விழுந்து இறந்துபோனார். அவ்வளவுதான் சொல்வாள். மேலே கேட்டால், "அது பழைய கதை வேதா, விடும்" என்பாள். நானும் விட்டுவிட்டேன். மற்றவர்கள் துக்கத்தைத் தோண்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் துக்கத்தை யாராவது தோண்டினாலும் எரிச்சல்தான் வரும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. எங்கள் கூடத்தின் தலைக்கு மேலேயே விமானங்கள் இறங்கும். பெரிய ஜெட் எத்தனை வந்தாலும் அவள் அசையமாட்டாள். எப்போதாவது விசிறி வைத்த சரக்கு விமானம் ஒன்று தாழ்ந்து உறுமிக்கொண்டு போகும். உடனே வெண்ணெய்த் தட்டை வைத்துவிட்டுக் குளிரறைக்குள் போய்விடுவாள். சத்தம் அடங்கிய பிறகுதான் வெளியே வருவாள். மேற்பார்வையாளர் திட்டுவார். சாமான் எடுக்கப் போனேன் என்று வெறும் கையை ஆட்டிக்கொண்டு வருவாள். இவளுக்கு வேலைக் கள்ளம் என்று ஆரம்பத்தில் நான் நினைத்ததுண்டு.

மகன் துஷாந்த்தான் அவள் உலகம். மார்க்கம் என்கிற புறநகரில் ஒரு சின்ன வரிசை வீட்டை வாங்கி, அவனைப் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்தாள். அவன் விமான இன்ஜினியர் ஆனான். விமானத்துக்குப் பயந்து குளிரறையில் ஒளிகிறவளின் பிள்ளை விமானத்தையே படித்தானே என்று நான் கிண்டல் செய்தால், "படிக்கட்டும். பறக்கிறது பாவமே?" என்பாள். வேலை கிடைத்த அன்று எங்கள் வரிசை முழுவதுக்கும் லட்டு கொண்டுவந்தாள். அவ்வளவு பெருமை.

பிறகு ஒரு மார்கழி ஞாயிறு நடந்ததை அடுத்த நாள் அவளே என்னிடம் சொன்னாள். துஷாந்த் தான் மாதக்கணக்காக ஒட்டிச் செய்த மாதிரி விமானம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். மேசையின் அகலத்துக்குச் சிறகு. அந்தக் கால ஜெர்மன் பட்டாளத்துச் சாமான் விமானமாம். மூக்கே இரண்டு கதவாகப் பிரியும். ஆசையோடு கதவைத் திறந்து, "இதுக்குள்ளை லொறியே போகும் அம்மா" என்று காட்டியிருக்கிறான். இவள் அந்தக் கதவுக்குள் பார்த்தாள். அடுப்புத் துணியால் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கதவுக்கு வெளியே பனியில் வைத்துவிட்டாள். "உது இந்த வீட்டுக்கை வேண்டாம்" என்றாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய்த் துடைத்து எடுத்துக் காரில் வைத்துவிட்டு வந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டான்.

"பொம்மை விமானம்தானே, என்ன வந்தது உனக்கு?" என்று கேட்டேன். வெண்ணெயை அடுக்கிக்கொண்டே, "அடுத்த தட்டைத் தள்ளும்" என்றாள்.

அடுத்த வருஷமே அவன் வேலைக்குக் கிட்ட என்று மிசிசாகாவில் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடு எடுத்துக்கொண்டு போனான். கோபத்தில் போகவில்லை. ஞாயிறு தவறாமல் வருவான். கணவாய்க்கறி வைத்தால் கணவாய், நண்டு வைத்தால் நண்டு. போட்டதைச் சாப்பிடுவான், பாத்திரம் கழுவுவான், அம்மாவின் போனைச் சரிசெய்து கொடுப்பான். விமானம் என்ற சொல்லே அந்த வீட்டில் வரவில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள், பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை. நான் அதை ஒற்றுமை என்றே நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் பெப்ரவரியில், வேலை மேசையில் இருந்தபடியே அவனுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது. முப்பத்து மூன்று வயது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாமா என்று அதற்கு முந்தின மாதம்தான் அவள் என்னைக் கேட்டிருந்தாள்.

அவள் அழுததை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கே தாங்காது.

எரித்து முடித்த பிறகு எட்டுச்செலவு என்று ஒன்று வந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி இல்லாததால் எனக்குப் புதிது. இறந்தவருக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் சமைத்து, வாழையிலையில் படைப்பார்களாம். மீன், இறைச்சி எல்லாம் உண்டு. குடித்தவர் என்றால் போத்தலும், புகைத்தவர் என்றால் சிகரெட்டும்கூட வைப்பார்கள். படைத்த பிறகு எல்லோரும் வெளியே வந்து அறையைச் சாத்திவிடுவார்கள். போன உயிர் வந்து ஆசை தீர உண்டு போகட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவார்கள். உள்ளே யாரும் இருக்கக்கூடாது. முறையாக எட்டாம் நாளில் செய்ய வேண்டியது. கனடாவில் சனி ஞாயிறு பார்த்துத்தான் வைப்பார்கள். சந்திரவதனாவின் அண்ணன் நவரட்ணம் றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் துக்க வீட்டிலும் திட்டம் போட்டுக்கொண்டே இருப்பவர்.

அவர் தங்கையிடம், பிள்ளைக்கு என்னென்ன பிடிக்கும் என்று சொல்லச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

"வேதா, அவனுக்கு என்ன விருப்பமெண்டு எனக்குத் தெரியாது" என்றாள்.

கணவாய், நண்டு என்று நான் எடுத்துக்கொடுத்தேன். "அது நான் சமைச்சது. அவன் சாப்பிட்டவன். அவனுக்கு என்ன விருப்பம்?" என்றாள். அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் கேட்டதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, பெரியவனான பிறகு அவன் எதையும் கேட்டதே இல்லை என்றாள். பிள்ளையின் கடைசி இலையில் அவன் விரும்பாததை வைத்துவிட்டு அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வெள்ளிக்கிழமை நான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு அவன் கொண்டோவுக்குப் போனேன். குளிர்ப்பெட்டியைப் பார்த்தாவது ஏதாவது தெரியும் என்பது என் யோசனை.

குளிர்ப்பெட்டியில் அவள் கொடுத்தனுப்பிய கறிப்பெட்டிகள்தான் கழுவி அடுக்கியிருந்தன. பாலும் முட்டையும் இருந்தன. வேறொன்றும் இல்லை. ஆனால் சுவர் முழுக்க அந்த விமானம். வரைபடம், படம், மறுபடி வரைபடம். அலமாரியின் மேல் அந்த மாதிரி விமானமே நின்றது. சந்திரவதனா நடு அறையில் நின்றுவிட்டாள். வெளியே போய்விடலாம் என்று நான் அவள் கையைப் பிடித்தேன், வரவில்லை.

அப்போது மரியோ வந்தார். எழுபது தாண்டிய இத்தாலியர், விமானம் பொருத்துகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய விமானக் காட்சியகம் ஒன்றில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார். துஷாந்தும் சனிக்கிழமைகளில் அங்கேதான் போயிருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. இரவல் கொடுத்த புத்தகங்களை எடுக்க வந்தவர், தாயைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். சந்திரவதனா அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொன்னாள்: அவனுக்கு என்ன பிடிக்கும்? அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் வேலைக்கு மட்டும்தான் போதும், அதனால் நான் கேட்டேன். மரியோ சுவரைக் காட்டினார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். உலக யுத்தத்தில் இங்கிலாந்துக்குள் படை இறக்க ஜெர்மனி திட்டம் போட்டது. டாங்கியையே தூக்கிப்போகிற விமானம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஒரு கம்பெனி மரத்தால் செய்து தோற்றது. இன்னொன்று இரும்புக் குழாயில் கூடு கட்டி, மேலே துணி போர்த்தி, ஜிகாண்ட் என்று பெயர் வைத்தது. ராட்சதன் என்று அர்த்தமாம். அதற்கு என்ஜின் கிடையாது, வேறு விமானம் கயிறு கட்டி இழுக்க வேண்டும். அது பறந்தபோது இங்கிலாந்துத் திட்டமே தள்ளிப்போயிருந்தது. சரி, விட்டுவிட வேண்டியதுதானே என்று நான் நடுவில் கேட்டேன். துஷாந்தும் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பான் என்றார் மரியோ.

அவர்கள் விடவில்லை. ஒரு விமானத்தால் இழுக்க முடியாமல் மூன்றைக் கட்டினார்கள். மூன்றும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு விழுந்து ஆட்கள் செத்தார்கள். அதனால் இரண்டு குண்டு விமானங்களைச் சிறகோடு சிறகு ஒட்டி, இழுப்பதற்கென்றே ஒன்று செய்தார்கள். அதுவும் போதவில்லை என்று, பிடித்து வைத்திருந்த பிரான்ஸ் நாட்டு என்ஜின்கள் ஆறை ராட்சதனின் சிறகிலேயே பூட்டினார்கள். என்ஜினின் பாரத்தால் சாமான் ஏற்றுகிற அளவு குறைந்தது. வேகமும் இல்லை. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில், ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொண்ட படைக்கு எரிபொருள் ஏற்றிக்கொண்டு கடல்மேல் வரிசையாகப் போனபோது, எதிரி விமானங்கள் வந்து பெரும்பாலானவற்றைச் சுட்டு எரித்துவிட்டன. முழு விமானம் ஒன்றுகூட இன்று உலகத்தில் மிச்சமில்லை.

ஒவ்வொரு கோளாறையும் சரிசெய்கிறேன் என்று அடுத்த கோளாறை உண்டாக்கியிருக்கிறார்கள். இதற்குப் போய் ஒரு பிள்ளை ஆசைப்படுவானா என்று எனக்குக் கோபமே வந்தது. உலகத்தில் எத்தனை அழகான விமானம் இருக்கிறது, ஏன் இது என்று கேட்டேன்.

மரியோ தயங்கினார். தானும் அதை ஒருநாள் கேட்டதாகச் சொன்னார். துஷாந்த் சொன்ன பதிலை, தாயிடம் சொல்லலாமா என்று என்னிடமே கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சந்திரவதனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால், சொல்லுங்கள் என்றேன்.

"எங்கள் ஊரில் ஒரு சாமான் விமானம்தான் என் அப்பாவைக் கொன்றது. சாமான் ஏற்றுவதற்குச் செய்த ஒன்று எப்படி அந்த வேலைக்கு வந்தது, அதன் கதவருகில் நின்றவன் யார், அப்பா அன்று ஏன் வெளியே போனார், எதுவும் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டால் உடைந்துபோவார். இந்த விமானத்தைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவரும் அழமாட்டார்கள்."

அதை அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. சந்திரவதனா அலமாரிக்கிட்டே போய் அந்த விமானத்தின் மூக்குக் கதவை ஒரு விரலால் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு அதைத் தூக்கி மரியோவின் கையில் கொடுத்து, காட்சியகத்தில் வைக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும் என்றும் சொல்லச் சொன்னாள்.

நெடுஞ்சாலையில் திரும்பி வந்தோம். மார்க்கத்துக்குள் நுழைந்த பிறகுதான், "என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே வேதா" என்றாள். நீ கேட்க விட்டாயா என்று நாக்கு நுனி வரை வந்தது. என் வாய்க்குப் பூட்டுப் போட்ட சில நல்ல நேரங்களில் அதுவும் ஒன்று.

ஞாயிறு வீடு நிறைந்திருந்தது. நவரட்ணத்தின் மனைவி நண்டும் கணவாயும் இறாலும் வைத்திருந்தாள். முட்டை அவித்து, பயத்தம் பணியாரம் செய்து, அவனோடு படித்தவர்கள் கொண்டுவந்த டிம் ஹோட்டன்ஸ் கோப்பியையும் பியர் டின்னையும்கூட வரிசையாக வைத்தார்கள். மரக்கறி மட்டும் தின்கிற நான் அந்த வாசனைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இலை துடைத்துக் கொடுத்தேன். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். மரியோவும் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் செய்ததில் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான்.

நவரட்ணம், இனி எல்லோரும் வெளியே வரவேண்டும் என்றார். வந்தோம். சந்திரவதனா வரவில்லை. இலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"எழும்பு பிள்ளை. ஆள் இருந்தால் அவன் வரமாட்டான்" என்றார் நவரட்ணம்.

"நீங்கள் கதவைச் சாத்துங்கோ அண்ணை."

அது முறையில்லை, தாயின் கண்ணீரைப் பார்த்தால் பிள்ளை சாப்பிடாமல் திரும்பிவிடும் என்று அவர் கெஞ்சினார். பிறகு கொஞ்சம் அதட்டினார்.

"அவன் சாப்பாட்டுக்கு வரேல்லை அண்ணை. அவனுக்கு என்ன வேணுமெண்டு எனக்கு இப்பதான் தெரியும். சாத்துங்கோ" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

வரிசை வீட்டுக் கதவு வெறும் அட்டைதான். உள்ளே அவள் பேசுவது கூடத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. முதலில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அழுகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கதைப்பாளே, அந்தக் குரல்.

"தம்பி, நான் உனக்கு இதைச் சொல்லாமல் விட்டுட்டன். அதைச் சகடை எண்டுதான் சொல்லுவம். சாமான் ஏத்துற பிளேன். விசிறிச் சத்தத்தோடை மெதுவா வந்து சுத்தும். கதவாலை பீப்பாயை உருட்டிவிடுவாங்கள், பீப்பாய் நிறையக் குண்டு. கீழை நிண்டால் கதவிலை நிக்கிற ஆள் தெரியும். முகம் தெரியாது. ஆரெண்டு எனக்கும் தெரியாது ராசா."

நவரட்ணம் ஆட்களை விலக்கிக்கொண்டு கதவுக்குக் கிட்டே வந்தார்.

"எங்கடை வீட்டிலை நிலத்துக்குக் கீழை பங்கர் இருந்தது. நாங்கள் மூண்டு பேரும் அதுக்குள்ளைதான். உனக்கு ஏழு மாசம். எனக்குப் பால் வத்திப்போச்சு. நீ கத்து கத்தெண்டு கத்தினாய். பால்மா முடிஞ்சுபோச்சு. பிளேன் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிட்டுது. நான்தான் அப்பாவைப் பார்த்து, இப்ப ஓடிப்போய் ஒரு டின் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டனான். அவர் சைக்கிளை எடுத்தார். போகேக்கை உன்ரை காலைப் பிடிச்சுக் கொஞ்சிப்போட்டுத்தான் போனவர். அது திரும்பி வருமெண்டு ஆருக்குத் தெரியும். சந்தியிலை குண்டு விழுந்தது. அவரின்ரை கையிலை டின் இருந்தது. வாங்கிப்போட்டுத்தான் வந்தவர்."

கூடத்தில் யாரோ ஒரு பெண் விம்மினாள். நவரட்ணம், "எனக்கும் சொல்லேல்லை. இவ்வளவு காலமும் எனக்கும் சொல்லேல்லை" என்று என்னிடம் சொன்னார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"உனக்குச் சொன்னால், எனக்காகத்தானே அப்பா போனவர் எண்டு நீ நினைப்பாய். உன்னாலைதான் எண்டு உன்ரை மனசிலை விழுந்துபோடும். அதுக்காகத்தான் சொல்லேல்லை. வேறை ஒண்டுக்கும் இல்லை. உன்னாலை இல்லை ராசா. நீ பசியிலை அழுத பிள்ளை. அந்தப் பால்மாவைத்தான் உனக்குக் கரைச்சுத் தந்தனான். நீ குடிச்சுப்போட்டு நித்திரையாப் போனாய்."

மரியோ என் தோளைத் தொட்டு, உள்ளே அம்மா என்ன சொல்கிறார் என்று மெல்லக் கேட்டார். வெள்ளிக்கிழமை இருவருக்கும் நடுவில் நின்று ஒரு சொல் விடாமல் மொழி மாற்றியவள் நான். அவன் கேட்க நினைத்ததைச் சொல்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. இனி நீ கேள். நான் அழமாட்டன். என்னவெண்டாலும் கேள் தம்பி, நான் சொல்லுறன்."

அதன்பின் சத்தம் இல்லை. கதவைத் திறக்கலாமா என்று நவரட்ணம் கையைக் கொண்டுபோனார், பிறகு இழுத்துக்கொண்டார். அவன் கேட்பதற்காக அவள் உள்ளே காத்துக்கொண்டிருந்தாள்.